ஏஜென்சிக்குப் பணம் கட்டும் முன் காலி நாட்களை எண்ணுங்கள்

கேள்வி: நானும் என் அக்கா மகனும் சேர்ந்து, வீடுகளுக்குப் போய் சோபா, மெத்தை, தரைவிரிப்பு சுத்தம் செய்து கொடுக்கிறோம். ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. மாதத்துக்குச் சராசரியாக 22 வேலை வருகிறது. மெஷின் ஒன்றுதான் இருப்பதால், எவ்வளவு ஓடினாலும் 30 வேலைக்கு மேல் முடியாது. ஒரு வேலையின் கட்டணத்தை 100 என்று வைத்தால், சுத்தம் செய்யும் திரவங்கள், போக்குவரத்து, அவனுக்குத் தரும் கூலி எல்லாம் போக எனக்கு 40 மிஞ்சும். ஒரு விளம்பர ஏஜென்சி எங்களை ஆன்லைனில் பிரபலமாக்கித் தருவதாகச் சொல்கிறது. மாதத்துக்கு அவர்கள் கேட்பது எங்களுடைய 6 வேலையின் கட்டணம். குறைந்தது 3 மாத ஒப்பந்தமாம். அவசரத்துக்கென்று வைத்திருக்கும் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டலாமா? 'காசில்லாமலே செய்ய வழியிருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்' என்கிறாள் மனைவி. கூகுளில் பெயர் போட்டிருக்கிறேன். 4 பேர்தான் ரிவ்யூ எழுதியிருக்கிறார்கள்.

பதில்: கட்ட வேண்டாம். மனைவி சொல்வது சரி. காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள்தான் கூட்டிப் பார்க்கவில்லை.

ஏஜென்சி கேட்பது மாதம் 600. ஒரு வேலையில் உங்களுக்கு மிஞ்சுவது 40. அப்படியென்றால் அந்தக் கட்டணத்தை மீட்கவே மாதம் 15 புது வேலை வர வேண்டும். ஆனால் உங்களிடம் காலியாக இருப்பது 8 வேலைக்கான இடம்தான். ஏஜென்சி சொன்னபடி எல்லாம் நடந்து, 8 இடமும் நிரம்பிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். கூடுதலாகக் கையில் நிற்பது 320, கொடுத்தது 600. விளம்பரம் நன்றாக வேலை செய்தாலும் மாதம் 280 நஷ்டம். 3 மாதத்தில் 840. அதுவும் அவசரச் சேமிப்பிலிருந்து! மெஷின் மோட்டார் போனாலோ, உங்கள் இருவரில் ஒருவர் படுத்தாலோ எடுக்க வேண்டிய பணம் அது. அதை எந்தத் தொழிலுக்கும் விளம்பரத்துக்காகத் தொட நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆக, உங்களுக்கு ஊரெல்லாம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மாதம் 8 வேலை கூடுதலாக வந்தால் போதும். பிரச்சினையை இந்த அளவுக்குச் சுருக்கிவிட்டால், இலவச வழிகளே தாராளம்.

முதல் வழி உங்கள் போனுக்குள் இருக்கிறது. ஒன்றரை வருடம், மாதம் 22 வேலை என்றால் ஏறக்குறைய 400 வேலை முடித்திருக்கிறீர்கள். ஆரம்பத்தில் குறைவாக வந்திருக்கும், ஒரே வீட்டுக்கு இரண்டு முறை போயிருப்பீர்கள். எல்லாம் கழித்தாலும் 250 வீடாவது தேறும். ஒரு வருடத்துக்கு முன் சோபா சுத்தம் செய்தவருக்கு இப்போது மறுபடி தேவைப்படும். அவருக்கு உங்கள் வேலை தெரியும், வீட்டுக்குள் விடத் தயக்கமும் இல்லை. ஆனால் உங்கள் நம்பரை எந்தப் பெயரில் சேமித்தார் என்பது அவருக்கே நினைவிருக்காது. தேடிப் பார்த்துக் கிடைக்காமல் வேறொருவரைக் கூப்பிட்டிருப்பார். நாமாகப் போய் நினைவூட்டுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஒரே மெசேஜைப் பலருக்கும் ஒன்றாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் போதுமே என்று தோன்றும். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். உங்களுக்கு வேண்டியதோ சேமிக்காதவர்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் தனியாக, பெயர் சொல்லி, 'போன வருடம் உங்கள் வீட்டு மூன்று இருக்கை சோபாவைச் சுத்தம் செய்து கொடுத்தோம். மறுபடி செய்ய வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்று இரண்டு வரி அனுப்புங்கள். ஒரு நாளைக்கு 5 பேர் போதும். பதில் வராதவரைத் துரத்த வேண்டாம். வேண்டாம் என்றவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நிறையப் பேர் பிளாக் செய்து புகாரும் கொடுத்தால் உங்கள் நம்பரே முடங்கிப்போகலாம்.

அப்படியே வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்கு மாறிவிடுங்கள். 2018 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எனக்குப் பெரிதாகப் படுவது கேட்டலாக் எனும் சேவைப் பட்டியல் அல்ல, தானாகப் போகும் பதில். மெஷின் ஓடும்போது உங்கள் காதில் போன் மணி விழாது. கூப்பிட்டவர் எத்தனை நேரம் காத்திருப்பார்? மிஸ்டு காலாகப் போகும் வேலைகளைப் பிடித்தாலே அந்த 8-இல் ஒன்றிரண்டு வந்துவிடும் என்று நினைக்கிறேன். 'வேலையில் இருக்கிறோம், ஒரு மணி நேரத்தில் கூப்பிடுகிறோம்' என்று மெசேஜுக்குப் பதில் தானாகப் போகட்டும். போன் செய்து எடுக்கப்படாதவர்களுக்கு, மெஷினை நிறுத்திய உடனே மருமகன் திருப்பிக் கூப்பிடட்டும்.

அடுத்து கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுளில் நீங்கள் பெயர் போட்டிருக்கும் அந்தத் தொழில் பக்கம். பெயர் மட்டும் போட்டு விட்டுவிட்டால் பயனில்லை. அருகிலிருப்பவர் தேடும்போது யாரை மேலே காட்டுவது என்பதை மூன்று விஷயங்களை வைத்து முடிவு செய்வதாக கூகுளே சொல்கிறது: தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்தவர். தூரத்தை உங்களால் மாற்ற முடியாது. பொருத்தத்தைக் கூட்டலாம். வெறும் 'கிளீனிங்' என்று விடாமல், சோபா, மெத்தை, தரைவிரிப்பு என்று சேவைகளைத் தனித்தனியாகச் சேருங்கள். வாடிக்கையாளர் உங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்பதால் முகவரியை மறைத்துவிட்டு, நீங்கள் போகும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம். 20 பகுதி வரை சேர்க்க இடமுண்டு. எல்லாவற்றையும் நிரப்பாதீர்கள், லாபத்தோடு போய்வர முடிகிற பகுதிகள் போதும். பெயரோடு 'மலிவான', 'நம்பர் ஒன்' என்றெல்லாம் ஒட்டுவது விதிமீறல், புரொஃபைலே முடக்கப்படலாம். இன்னொன்று, 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பட்டியலில் பெயர் நீடிக்கப் பணம் கட்டுங்கள்' என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். புரொஃபைலுக்கு கூகுள் கட்டணம் வாங்குவதில்லை.

ரிவ்யூ 4 என்பது உங்கள் வேலைக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல. நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். வேலை முடிந்து, சோபாவைத் தொட்டுப் பார்த்து வீட்டுக்காரர் முகம் மலரும் அந்த ஐந்து நிமிடத்தில் கேளுங்கள். புரொஃபைலிலேயே ரிவ்யூ எழுதும் லிங்க் கிடைக்கும், அதை அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்குப் போய் இரவில் அனுப்பினால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள். அது கூகுள் விதிக்குப் புறம்பு. திருப்தியானவர்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கேட்பதும் அப்படித்தான். எல்லாரிடமும் கேளுங்கள். ஒருவர் குறை எழுதினால் சண்டைக்குப் போகாமல் நான்கு வரியில் பதில் போடுங்கள். அடுத்து வருபவர் குறையைவிட உங்கள் பதிலைத்தான் கவனமாகப் படிப்பார். நானே ஆளைத் தேடும்போது அப்படித்தான் செய்கிறேன்.

இனி நான் மிகவும் நம்புகிற வழி: வேலை செய்த வீட்டுக்குப் பக்கத்து வீடு. மெஷினோடு நீங்கள் இறங்குவதை அக்கம்பக்கம் பார்க்கிறது. அதே நாளில் அதே தெருவில் இன்னொரு வேலை கிடைத்தால் போக்குவரத்துச் செலவும் மிச்சம், நேரமும் மிச்சம். 'இதே நாளில் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து என்றால் இருவருக்கும் 100-க்கு 5 குறைவு' என்று வாடிக்கையாளரிடம், நாள் குறிக்கும்போதே சொல்லிவையுங்கள். பேசி வைக்க அவருக்கும் அவகாசம் வேண்டுமே. இங்கே கணக்கை விட்டுவிடக் கூடாது. 100-க்கு 10 தள்ளுபடி என்றால் கேட்பவருக்குப் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கோ 40-இல் 10, அதாவது லாபத்தில் கால் பங்கு. மிச்சமாகும் போக்குவரத்துச் செலவுக்கு மேல் தள்ளுபடி போகக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் நோட்டீஸ் ஒட்டுவதென்றால் நிர்வாகத்தைக் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். முன்னும் பின்னுமாகப் படம் எடுத்துப் பகிரவும் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். சோபா மட்டும் தெரிந்தால் போதும், சுவரில் மாட்டிய குடும்பப் படம் வேண்டாம்.

பெயிண்டர், வீடு மாற்றித் தருபவர், சோபா உறை தைப்பவர் ஆகியோரும் நீங்கள் போகும் அதே வீடுகளுக்குப் போகிறவர்கள்தான். அவர்களுக்கு நீங்கள் ஆள் அனுப்புங்கள், அவர்கள் உங்களுக்கு அனுப்பட்டும். கமிஷன் கேட்டால் வேலை முடிந்து பணம் வந்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள்.

இதெல்லாம் இலவசம் என்கிறோமே தவிர, உங்கள் நேரம் போகிறது. வாரம் 3 மணி நேரம் என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். தினமும் ரீல்ஸ் எடுத்துப் போடும் ஆசையை, குறைந்தது இப்போதைக்கு, தள்ளிவையுங்கள். ஆயிரம் பேர் பார்ப்பார்கள், அதில் உங்கள் வண்டி போகிற தூரத்தில் எத்தனை பேர்? அப்புறம், வேலை எழுதும் நோட்டில் ஒரு பத்தி கூட்டுங்கள்: 'எப்படித் தெரியும்?' பழைய வாடிக்கையாளர், பக்கத்து வீடு, கூகுள், பெயிண்டர் என்று ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு வார்த்தை. 3 மாதம் கழித்துப் பார்த்தால் எந்த வழிக்கு நேரம் கொடுப்பது, எதை விடுவது என்று நோட்டே காட்டிவிடும்.

30 இடமும் தொடர்ந்து நிரம்பினால் அடுத்த கேள்வி விளம்பரம் அல்ல, கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றுவதா இரண்டாவது மெஷின் வாங்குவதா என்பதுதான். இரண்டாவது மெஷின் வாங்கி, அதற்கு வேலை போதாமல் நின்றால் அப்போது விளம்பரத்துக்குச் செலவு செய்யலாம். ஒப்பந்தம் இல்லாமல், சின்னத் தொகையில், ஒரு புது வேலையைப் பிடிக்க ஆகும் செலவு 40-க்கு நன்றாகக் கீழே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

ஏஜென்சிக்கு இப்போது 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். பேச்சுவார்த்தையின்போது உங்கள் கூகுள் புரொஃபைலுக்கு அவர்களுக்கு அனுமதி ஏதாவது கொடுத்திருந்தால் இன்றே அமைப்புகளில் போய்ப் பாருங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் மின்னஞ்சல் மட்டும் இருக்க வேண்டும்.