பவானி ஜமக்காளம் ஆன்லைனில் விற்குமா?

கேள்வி: என் மாமனார் வீட்டில் நான்கு தறிகள் ஓடுகின்றன. மூன்று தலைமுறையாகப் பவானி ஜமக்காளம் நெய்கிறோம். நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 18,000 ரூபாய். வேலையை விட்டுவிட்டு, சொந்த இணையதளம் தொடங்கி ஜமக்காளம் விற்கலாம் என்று இருக்கிறேன். சேமிப்பு இரண்டரை லட்சம். இணையதளமும் ஆப்பும் செய்துதர 1,20,000 கேட்கிறார்கள். ஓர் ஆலோசகர், 15,000 கொடுத்தால் சாத்தியக்கூறு அறிக்கை, பிசினஸ் பிளான் இரண்டையும் தயாரித்து, 8 லட்சம் வங்கிக் கடனும் நிச்சயம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானா? நானே தயாரிக்க முடியாதா? 4க்கு 6 அடி விரிப்புக்குக் கூலி சேர்த்து அடக்கம் 620 ரூபாய் ஆகிறது. 1,100க்கு விற்க நினைக்கிறேன்.
– வாசகி, பவானி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது கடைசி இரண்டு வரிகள். எனக்கு வரும் கடிதங்களில் லோகோ என்ன நிறம் என்பது வரை இருக்கும், அடக்க விலை மட்டும் இருக்காது. நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பது தெரிகிறது. ஆகவே இரண்டையும் நீங்களே தயாரிக்கலாம். அந்த 15,000 உங்களிடமே இருக்கட்டும்.

இரண்டும் ஒன்றல்ல. சாத்தியக்கூறு ஆய்வு, ‘இதில் இறங்கலாமா, வேண்டாமா’ என்று நீங்கள் உங்களுக்காகப் போட்டுப் பார்க்கும் கணக்கு. இறங்குவது என்று முடிவான பிறகு, எப்படி, எவ்வளவு பணத்தில், எத்தனை மாதத்தில் என்று எழுதுவது பிசினஸ் பிளான். ஜாதகம் பார்ப்பதும் மண்டபம் பேசுவதும் மாதிரி. முதலாவதில் ‘வேண்டாம்’ என்ற பதிலும் வரக்கூடும், வர விட வேண்டும். கடன் கிடைத்தால்தான் தனக்கு வருமானம் என்று இருக்கும் ஆலோசகர் எழுதும் ஆய்வில் அந்தப் பதில் எப்படி வரும்?

சரி, எங்கே தொடங்குவது? ஒரே ஒரு பார்சலில். சந்தை எத்தனை ஆயிரம் கோடி, இந்தியாவில் எத்தனை பேர் ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுகிற பழக்கம் இருக்கிறது. உங்களுக்கு அது எதற்கும் உதவாது. ஒரு விரிப்பு உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி வாங்குபவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் கையில் என்ன நிற்கிறது? ஆய்வின் முக்கால் பங்கு இந்த ஒரு கேள்விதான்.

உங்கள் சரக்குக்கு இது இன்னும் முக்கியம். ஏனென்றால் ஜமக்காளம் கனமானது, இடத்தையும் அடைக்கும். கூரியர்காரர்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. பார்சலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கம். அந்த ‘வால்யூமெட்ரிக்’ எடை, தராசு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். உங்கள் விரிப்பு பேக்கிங்கோடு 1.7 கிலோ என்று வைப்போம். அழகான அட்டைப் பெட்டியில், 40க்கு 35க்கு 15 என்ற அளவில் வைத்தால் 4.2 கிலோ கணக்கு வரும். அரை கிலோ படிகளில் பில் போட்டால் 4.5 கிலோ. அதே விரிப்பை இறுக்கி மடித்து, கூரியர் கவரில் 40க்கு 30க்கு 8 என்று அடக்கினால் 1.92 வரும், 2 கிலோவுக்குத்தான் காசு. கிலோவுக்கு 60 ரூபாய் என்றால் ஒன்றுக்கு 270, இன்னொன்றுக்கு 120. விரிப்பு ஒன்றுதான், மடிப்பில் மட்டும் 150 ரூபாய் வித்தியாசம். இன்று மாலையே ஒரு விரிப்பை எடுத்து மடித்து, டேப் வைத்து அளந்து பாருங்கள். பிறகு இரண்டு மூன்று கூரியரில் சென்னை, பெங்களூர், டெல்லி என்று விலை கேளுங்கள்.

இப்போது முழுக் கணக்கு. நான் போடும் எண்கள் அனுமானம்தான், உங்கள் எண்களை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். அடக்கம் 620. பேக்கிங் 35. கூரியர் 120. இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு 2 சதவீதமும் அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 26. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஓர் ஆர்டருக்கு 150. மொத்தம் 951. கையில் நிற்பது 149 ரூபாய். 480 ரூபாய் லாபம் என்றுதானே மனதில் இருந்தது? விற்பனையின் மேல் வரும் ஜிஎஸ்டியை இதில் நான் இன்னும் தொடவில்லை.

இதுவும் பணம் முன்கூட்டியே கட்டுகிறவர்களுக்கான கணக்கு. 2010இல் ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்த பிறகு, பொருளைப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் ஊறிவிட்டது. வாங்குபவருக்கு அது வசதி. வீட்டில் ஆள் இல்லை, மனசு மாறிவிட்டது, போனை எடுக்கவில்லை என்று பார்சல் திரும்பி வந்தால், போன செலவும் வந்த செலவும் உங்கள் தலையில். ஆன்லைன் விற்பனையாளர்கள் ‘ஆர்டிஓ’ (ரிட்டர்ன் டு ஒரிஜின்) என்று பெருமூச்சோடு சொல்வது இதைத்தான். திரும்பும் ஒவ்வொரு பார்சலுக்கும் இரண்டு முறை கூரியர் 240, பேக்கிங் 35, விளம்பரம் 150, ஆக 425 ரூபாய் போச்சு. பத்து பார்சலில் இரண்டு திரும்பினால், எட்டில் கிடைத்த 1,192இலிருந்து 850 கழிந்து மிச்சம் 342. மூன்று திரும்பினால் 232 ரூபாய் நஷ்டம். பத்துக்கு மூன்று என்பது கேஷ் ஆன் டெலிவரியில் நடக்காத கதை அல்ல. ஆகவே தொடக்கத்தில் யுபிஐயில் முழுப்பணம், அல்லது கூரியர் செலவை மட்டுமாவது முன்பணமாக வாங்கிக்கொண்டு அனுப்புவது என்று வையுங்கள். ஆர்டர் குறையும். குறையட்டும்.

அடுத்து, மாதம் எத்தனை பார்சல் போனால் கட்டுபடியாகும்? இணையதளக் கட்டணம், போன், பேக்கிங்குக்கு ஓர் ஆள் என்று மாதம் 9,000 நிலையான செலவு வைத்தால், 149ஆல் வகுக்க 61 பார்சல். உங்கள் சம்பளம் 18,000ஐயும் இதிலிருந்தே எடுக்க வேண்டும் என்றால் 182. இதுவே கேஷ் ஆன் டெலிவரியில் பத்துக்கு இரண்டு திரும்பும் கணக்கில் போனால் கிட்டத்தட்ட 790 ஆர்டர் வேண்டும். இந்த இடத்தில் மாமனாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்: நான்கு தறியில் மாதம் எத்தனை விரிப்பு இறங்கும்? ஐப்பசி மழையில் சாயம் போட்ட நூல் காய எத்தனை நாள் ஆகும்? கூடுதல் சரக்கு வேண்டுமானால் பக்கத்துத் தறிக்காரர்கள் தருவார்களா, எந்த விலைக்கு? பெரும்பாலான அறிக்கைகளில் தேவை பற்றிப் பத்துப் பக்கம் இருக்கும், வரத்து பற்றி ஒரு வரிகூட இருக்காது.

தேவையையும் சோதிக்க வேண்டும்தான். ஆனால் சொந்தக்காரர்களிடம் கேட்காதீர்கள். ‘ரொம்ப நல்லா இருக்கும்மா, ஆரம்பி’ என்பார்கள். அதில் ஒருவர்கூட 1,100 ரூபாய் எடுத்து வைத்திருக்க மாட்டார். முன்பின் தெரியாத ஒருவர் பணம் கட்டினால்தான் அது தேவை. அதற்கு இணையதளமே வேண்டாம். ஆறேழு விரிப்புகளைப் பகல் வெளிச்சத்தில் நல்ல படமாக எடுத்து, வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் ஏற்றி, இன்ஸ்டாகிராமில் ஐந்தாயிரம் ரூபாய்க்கு மட்டும் விளம்பரம் ஓட்டிப் பாருங்கள். முக்கியமாக, ஓட்டுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: ஆறு வாரத்தில் தெரியாதவர்களிடமிருந்து இத்தனை ஆர்டர், ஆர்டருக்கு விளம்பரச் செலவு 150க்குள். எட்டாவிட்டால் இந்த வடிவத்தில் வேண்டாம். முடிவு வந்த பிறகு இலக்கை எழுதினால், எந்த எண்ணும் நல்ல எண்ணாகத்தான் தெரியும்.

1999இல் அமெரிக்காவில் இரண்டு கடைகள் இணையத்தில் கிளம்பின. ஜாப்போஸ் தொடங்கியவர் சரக்கே வாங்கவில்லை. பக்கத்துச் செருப்புக் கடையில் படம் எடுத்து ஏற்றி, ஆர்டர் வந்ததும் அதே கடையில் வாங்கி அனுப்பினார். ஷூவை ஆன்லைனில் ஆள் வாங்குமா என்பதற்கு விடை தெரிந்தது. வெப்வேன் என்ற மளிகைக் கடை அதே ஆண்டில், சுமார் நூறு கோடி டாலருக்குக் கிடங்குகள் கட்ட ஒப்பந்தம் போட்டது. 2001 ஜூலையில் திவால். உங்கள் 1,20,000 ரூபாய் ஆப்பைப் பற்றி நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஜமக்காளம் வருஷத்துக்கு ஒன்று வாங்குகிற சரக்கு. அதற்காக யார் போனில் ஆப் ஏற்றுவார்கள்?

இன்னொரு சிக்கல் உங்களுக்கு நன்றாகவே தெரிந்தது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனாலும் விசைத்தறி நகல்கள் அதே கோடு, அதே நிறத்தில் பாதி விலைக்கு வருகின்றன. கடையில் கை வைத்துப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியும். போன் திரையில் இரண்டும் ஒன்றுதான். பெரிய சந்தைத் தளங்களில் வைத்தால் உங்கள் விரிப்பு அந்த நகலுக்குப் பக்கத்திலேயே நிற்கும், விலையை ஏறுவரிசையில் அடுக்கினால் நீங்கள் காணாமல் போவீர்கள். தறி ஓடும் வீடியோ, கைத்தறி முத்திரை, நெய்தவர் பற்றி நான்கு வரி என்று உங்களிடம் மட்டும் இருப்பதைக் காட்டினால்தான் 1,100 நியாயமாகத் தெரியும். புவிசார் குறியீட்டின் பெயரைப் போட்டு விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யார் பெயரிலாவது அந்தப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். 4க்கு 6 விரிப்பை ஒன்றொன்றாகக் கூரியரில் அனுப்பும் தொழில் உங்கள் எண்களில் நோஞ்சானாகத்தான் தெரிகிறது. ஜமக்காளத் துணியில் கைப்பை, யோகா விரிப்பு, மேசை விரிப்பு போன்றவற்றின் கணக்கையும் தனியாகப் போடுங்கள். கிலோவுக்கு எவ்வளவு ரூபாய் லாபம் என்று ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொண்டால், எதை ஆன்லைனில் விற்பது என்று அந்தத் தாளே சொல்லிவிடும். பெரிய விரிப்பை யோகா வகுப்புகள், மண்டபங்கள், சபாக்கள் என்று மொத்தமாக, லாரி சர்வீஸில் அனுப்பலாம். அப்போது இணையம் கடையாக இருக்காது, விசாரணை வரும் வாசலாக இருக்கும்.

சட்ட விஷயங்களுக்கு ஆய்வில் ஒரு பக்கம் போதும். தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் பொதுவிதிப்படி முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கைவினைப் பொருட்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் சரக்கு அதில் அடங்குமா என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள், காசு கொடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல. சொந்தத் தளம் என்றால், 2020இன் மின்வணிக விதிகளின்படி புகாரைக் கவனிக்க ஒருவர் பெயர் இருக்க வேண்டும், புகார் வந்து 48 மணி நேரத்துக்குள், அது கிடைத்தது என்று அவர் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவும் போட்டு ‘செய்யலாம்’ என்று வந்தால், பிசினஸ் பிளான் எழுத இரண்டு வாரம் போதும், ஏனென்றால் எண்கள் எல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். என்ன விற்கிறோம், யாருக்கு, தறியிலிருந்து கதவு வரை எப்படிப் போகிறது, யார் என்ன வேலை பார்ப்பது, முதல் பன்னிரண்டு மாதத்தின் வரவு செலவு மாதவாரியாக. கடைசிப் பகுதியில் அதிக நேரம் செலவிடுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு முன் நெய்து வைக்கப் பணம் போகும், விற்ற காசு பின்னால்தான் வரும். லாபம் காட்டும் தொழில்கூட அந்த இடைவெளியில் மூச்சு முட்டும். விற்பனை பாதியானால், விளம்பரச் செலவு இரட்டித்தால் என்ன ஆகும் என்றும் ஒரு பக்கம் போட்டுக் காட்டுங்கள். ஆலோசகர்களின் அச்சடித்த அறிக்கைகளில் ஆண்டுக்கு 40 சதவீத வளர்ச்சி என்று இருக்கும். வங்கி மேலாளர் ‘இது எங்கிருந்து வந்தது’ என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், ஆலோசகர் அல்ல.

கடன் விஷயம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். பிணை கேட்பதில்லை. ஆனால் நிச்சயமாக வாங்கித் தருகிறேன் என்று வெளியாள் யாரும் உறுதி தர முடியாது, முடிவு வங்கியுடையது. 8 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 17,400. நம் 149 ரூபாய்க் கணக்கில், தவணைக்கு மட்டும் 117 பார்சல். இப்போதைக்கு உங்களுக்கு 8 லட்சம் எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. சோதனைக்கு உங்கள் சேமிப்பில் 25,000க்கு மேல் தொடாதீர்கள். ஆறு வாரம் ஓடிய பிறகு, கிஷோர் அளவில் ஒரு கடன் போதுமா என்று பார்க்கலாம். மானியத் திட்டங்களுக்கு ஈரோடு மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய் விசாரியுங்கள், விசாரிக்கக் கட்டணம் கிடையாது.

வேலையை இப்போது விட வேண்டாம். ஆறு வாரச் சோதனையை மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடத்தலாம். முன்பணம் கட்டிய ஆர்டர்கள் மூன்று மாதம் தொடர்ந்து 61ஐத் தாண்டினால் கடையில் அரை நாள் வேலை கேட்டுப் பாருங்கள், 182ஐ நெருங்கும்போது ராஜினாமாவைப் பற்றிப் பேசலாம். கணக்கைப் போட்டு முடித்ததும், கூரியர் பில்லின் நகலோடு எனக்கு எழுதுங்கள்.