வயதான நாய்க்குப் புற்றுக்கட்டி என்கிறார்கள். ஆப்பரேஷன் செய்யலாமா, செய்தால் அப்புறம் எப்படிப் பார்த்துக்கொள்வது?

செய்யலாம். உங்கள் லேப்ரடாருக்கு 10 வயது, பால்மடியில் கட்டி, புற்றாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், "இந்த வயதில் கத்தி வைத்துக் கொடுமைப்படுத்த வேண்டுமா" என்று வீட்டில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். வயது ஒரு நோய் இல்லைங்க. நெஞ்சு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் 10 வயது நாயும் மயக்க ஊசியைத் தாங்கும். அவை சரியில்லை என்றால் 4 வயது நாய்க்கும் யோசிக்கத்தான் வேண்டும். அந்த இரண்டையும் பார்த்து டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். ஒறம்பரை சொல்வதைக் கேட்க வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. மருந்து அளவு எதையும் இங்கே எழுதப் போவதில்லை, அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எங்கள் பொம்மியை நாங்கள் எப்படிக் கரை சேர்த்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பொம்மி நாட்டு நாய். செவலை நிறம், ஒரு காது மடிந்தே இருக்கும். களத்துக்குத் தானாக வந்து சேர்ந்தது, வரும்போதே குட்டி போட்டு முடித்திருந்தது. கொப்பரை காய்கிற நாட்களில் ராத்திரி முழுக்கக் களத்தைச் சுற்றி வரும். அதற்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தபோது கடைசிக் காம்புக்குப் பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஏதோ உருளுவதை என் மாமியார்தான் கண்டுபிடித்தார். பால் கட்டியிருக்கும், மஞ்சள் அரைத்துப் போட்டால் கரைந்துவிடும் என்று பக்கத்தில் சொன்னார்கள். குட்டியே போடாத வருடத்தில் பால் எங்கிருந்து கட்டும்? நேராகக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போனோம்.

அங்கே டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பெண் நாய்களுக்கு மடியில் வருகிற கட்டிகளில் ஏறத்தாழப் பாதி சாதாரணக் கட்டி, பாதி புற்று. தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது, ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாலும் மடிக் கட்டியில் பல சமயம் தெளிவாகத் தெரியாது. முழுதாக எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும். 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது என்றார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அப்பா இதே நோயில் போனவர். கடைசி வருடம் அவர் பட்ட பாடு, முடி கொட்டினது, வாந்தி, ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்துக் கிடந்தது எல்லாம் அப்படியே கண் முன்னால் வந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி யாராவது இருந்திருக்கலாம், அதனால்தான் கொடுமை என்கிற வார்த்தை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். டாக்டரிடம் அழுதுவிட்டேன். "அம்மா, மனுசருக்கு நடந்ததை இதுக்கு வெச்சுப் பாக்காதீங்க. வலிக்குதா, சோறு எறங்குதா, நீங்க பக்கத்துல இருக்கறீங்களான்னு மட்டுந்தான் அது பாக்கும்" என்றார். நாய்க்குக் கீமோ (புற்று மருந்து) கொடுத்தால்கூட மனிதர்களுக்குக் கொடுக்கிற மாதிரி கடுமையாகக் கொடுப்பதில்லை. இருக்கிற காலம் நன்றாக இருக்கட்டும் என்றுதான் அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள். பெரும்பாலான நாய்களுக்கு அந்த அளவுக்கு முடி கொட்டுவதும் இல்லை.

ஆனால் என்னை நிஜமாகவே நோகடித்தது நோய் இல்லை. என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது: "தம்பி, ஜாதி நாயா இருந்தாலாச்சும் ஒரு அர்த்தம் இருக்குது. இது செத்தா இன்னொண்ணு வந்து படுத்துக்கும்." இவர் மட்டும் இல்லை, விஷயம் தெரிந்த பாதிப்பேர் இதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். விலை கொடுத்து வாங்கின நாய்க்கு மட்டும்தான் வலிக்குமா? உள்ளே இருந்த என் மாமியார் வெளியே வந்து, "ஏஞ்சாமி, இத்தன வருசம் களத்தைக் காத்தது எந்த ஜாதி நாயி?" என்று கேட்டார். அதற்கு மேல் பேச்சு இல்லை. எண்பதை நெருங்குகிற அந்த மனுசி கேட்ட கேள்விக்கு இன்றுவரை யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

பணம் இருக்கிறவர்கள் பேச்சு என்று நினைப்பீர்கள். பட்டியிலிருந்து இரண்டு வெள்ளாட்டை விற்றுத்தான் செய்தோம். செய்ய முடியாதவர்களை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். நுரையீரலுக்குப் பரவிவிட்டால் டாக்டர்களே பெரும்பாலும் ஆப்பரேஷன் வேண்டாம் என்பார்கள். அப்போது வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதும் வைத்தியம்தான்.

கரூர் தாண்டி, பரமத்தி வேலூர்ப் பாலத்தில் காவிரியைப் பார்க்கிறவரை பொம்மி வண்டியில் நடுங்கிக்கொண்டே வந்தது. நாமக்கல் போனதும் உடனே ஆப்பரேஷன் நடக்கும் என்று நினைத்திருந்தோம். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு (பிளேட்லெட்) குறைவு என்று நிறுத்திவிட்டார்கள். நாய்க்குத் தட்டணு 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், பொம்மிக்கு அதில் பாதிகூட இல்லை. காரணம், உண்ணி கடித்து வருகிற உண்ணிக் காய்ச்சல். நம் பக்கத்து வெயிலுக்கு உண்ணி இல்லாத நாயே கிடையாது, வெளியே ஒன்றும் தெரியாமலேயே இந்தக் காய்ச்சல் உள்ளே இருக்கும். இதைக் கவனிக்காமல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. 4 வாரம் மாத்திரை கொடுத்துத் தட்டணு ஏறின பிறகுதான் தேதி கொடுத்தார்கள். கட்டி இருப்பது தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த அந்த நாட்கள்தான் எனக்கு ஆப்பரேஷனைவிடக் கொடுமையாக இருந்தன. உங்கள் டாக்டர் உண்ணிக் காய்ச்சலுக்குப் பார்க்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

நெஞ்சு எக்ஸ்ரே இடது பக்கம், வலது பக்கம், மல்லாக்க என்று மூன்று விதமாக எடுப்பார்கள். ஒரு கோணத்தில் மறைவது இன்னொன்றில் தெரியும். திரையில் நுரையீரலைக் காட்டி, வெள்ளையாக உருண்டை உருண்டையாகத் தெரிந்தால் பரவிவிட்டது என்று அர்த்தம், இங்கே அப்படி எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆப்பரேஷனுக்கு முந்தின ராத்திரியிலிருந்து சோறு கிடையாது. கட்டி இருந்த பக்கத்துக் காம்புகளையும் தொடை இடுக்கில் இருந்த நெறியையும் (நிணநீர் முடிச்சு) எடுத்து, அதே மயக்கத்தில் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். வெளியே கொண்டுவந்தபோது நாக்கு தொங்க, உடம்பு சில்லிட்டு நடுங்கியது. வயிற்றின் நடுவிலிருந்து தொடை வரை ஒரே கோடாகத் தையல். போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். முதல் ராத்திரி ஊளை மாதிரி ஒரு சத்தம் போட்டது. பயப்படாதீர்கள், மயக்கம் தெளிகிறபோது பல நாய்கள் அப்படிக் கத்தும். விடாமல் இரைப்பது, படுக்கவே மாட்டேன் என்று நின்றுகொண்டே இருப்பது, ஒரே இடத்தை வெறிப்பது, இவைதான் வலியின் அடையாளம். அப்படி இருந்தால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

வீட்டில் இருக்கிற வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். புரூஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் போடக் கூடாது என்று 2006-லேயே தடை செய்தார்கள். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மிச்சம் இருப்பவற்றில் சில நம் சத்தியமங்கலத்துக்கு மேலே மோயாற்றுப் பக்கம்தான் இருக்கின்றன. இவ்வளவு நடந்த பிறகும் ஒரு மருந்துக்கடையில் "நாய்க்குத்தானே, பாதி மாத்திரை குடுங்க" என்று எடுத்து நீட்டினார்கள்.

அப்புறம் கோன். கழுத்தில் மாட்டுகிற அந்தப் பிளாஸ்டிக் கூம்பைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். பொம்மி அதை மாட்டின அன்றைக்குச் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டது. நடந்தால் தேங்காய்த் தொட்டிக் குவியலில் இடிக்கும், இடித்ததும் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்க்கும். தண்ணீர்ச் சட்டியில் கூம்பு முட்டியது. சட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்த பிறகு குடித்தது. பாவம் பார்த்துக் கழற்றிவிடாதீர்கள். நக்க ஆரம்பித்தால் ஒரே ராத்திரியில் தையலைப் பிரித்துவிடும்.

எங்கள் களத்தில் இன்னொரு தொல்லை, ஈ. தேங்காய் இருக்கிற இடத்தில் ஈ இல்லாமல் இருக்காது. ஈரமான காயத்தில் ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும், நம் ஊரில் நாய்கள் ஆப்பரேஷனுக்குத் தப்பித்துப் புழுவில் போவதும் உண்டு. பழைய கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுக் கால்களில் கொசுவலை கட்டி, பொம்மியை அதற்குள் படுக்க வைத்தோம். தையல் மேல் வேப்பெண்ணெய் தடவ என் மாமியார் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "அத்தை, டாக்டர் எதையும் தடவ வேண்டாம்னுட்டாருங்க" என்றதும் கிண்ணத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். கோழி ஈரலை உப்பும் வெங்காயமும் போடாமல் வேக வைத்து, அந்தத் தண்ணீரில் கம்மஞ்சோற்றைக் கரைத்துக் கையில் எடுத்து ஊட்டினார். எதையும் முகர்ந்துகூடப் பார்க்காத பொம்மி அதைத்தான் முதலில் நக்கியது.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை குளிப்பாட்டக் கூடாது, படி ஏற விடக் கூடாது. தொடை இடுக்கில் மெத்தென்று நீர் கோத்து வீங்கினால் அது பல நாய்களுக்கும் வருவதுதான், டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களே ஊசியால் குத்தி எடுக்காதீர்கள். சீழ், நாற்றம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே போங்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டியில் புகுந்து நாய்கள் ஆட்டைக் கடித்துப் போடுகின்றன. ஆடு போனவர் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும், நாங்களும் ஆடு வைத்திருக்கிறோம். ஆனால் "நாங்க ஆடு போயிக் கெடக்கறோம், நீங்க நாய்க்கு ஆப்பரேஷனா" என்று என் வாசலில் வந்து கேட்டவர்கள், வாய்க்கால் மேட்டில் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை மூட்டையாகக் கோழிக் கழிவைக் கொட்டுகிறவர்களிடம் போய்க் கேட்க வேண்டியதுதானே? பச்சைக் கறியைத் தின்று பழகிக் கூட்டம் சேருகிற நாய்தான் அடுத்தது பட்டியைத் தேடுகிறது. எத்தனையோ தடவை மனுக் கொடுத்தாயிற்று, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கட்டிப் போட்டு வளர்க்கிறவர் வாசலுக்கு மட்டும் எல்லோரும் வருகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எடுத்த கட்டியைக் கெடாமல் இருக்க ஃபார்மலின் திரவத்தில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி வற்புறுத்துங்கள். எடுத்தாகிவிட்டது, இனி எதற்குச் செலவு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அந்த ரிப்போர்ட் இல்லாமல் அடுத்து என்ன செய்வது என்று யாராலும் சொல்ல முடியாது. என்ன வகை, வெட்டின ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கிறதா, நெறியில் இருக்கிறதா, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பொம்மியுடையது புற்றுதான். ஆனால் ஓரம் சுத்தம், நெறியும் சுத்தம். கீமோ தேவையில்லை, 3 மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே போதும் என்றார்கள். இப்போது பழையபடி களத்தைச் சுற்றுகிறது, மாமியார் கையால்தான் தின்கிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. வீட்டில் பெண் குட்டி இருந்தால் முதல் சினைப் பருவத்துக்கு முன்னால் கருப்பையையும் சினைப்பையையும் எடுப்பது பற்றி டாக்டரிடம் பேசுங்கள், இந்த மடிப் புற்று அப்புறம் மிக அரிதாகத்தான் வரும். இரண்டு மூன்று பருவம் போய்விட்டால் அந்தப் பலன் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தெரு நாய்க்குப் பிறப்புறுப்பில் ரத்தம் வடிகிற கட்டி இருந்தால் அது வேறு வகை, இனச் சேர்க்கையில் தொற்றுவது. வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரம் வின்கிரிஸ்டின் என்கிற கீமோ மருந்தைப் போட்டால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகிவிடும். புற்று என்றதும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.

பொம்மிக்கு அடுத்த எக்ஸ்ரே ஆடி நோம்பி முடிந்து. அதற்குள் உங்கள் நாய்க்கு ரத்தம் பார்த்துவிட்டால் தட்டணு எவ்வளவு என்று கீழே எழுதுங்கள். குறைவாக இருந்தால் அந்த 4 வாரம் எப்படி ஓட்டினோம், மாத்திரையை எதற்குள் வைத்துக் கொடுத்தோம் என்று விவரமாகச் சொல்கிறேன்.