முள்ளைத் தள்ளினால் காலம் நகருமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்தவை எல்லாம் காலப் பயணக் கேள்விகள். பள்ளி விடுமுறை போலிருக்கிறது.

காலத்தில் பயணம் செய்ய முடியுமா? (செம்பனை லோரி ஓட்டுநர்)

முன்னோக்கியா, பின்னோக்கியா? அதைச் சொல்லாமல் கேட்டால் எப்படி? முன்னோக்கி முடியும்: வேகமாகப் போகிறவரின் கடிகாரம் மெதுவாக ஓடும், திரும்பி வரும்போது மற்றவர்களுடைய எதிர்காலத்தில் வந்து இறங்குவார். அளந்தே பார்த்தாகிவிட்டது. பின்னோக்கிப் போவது இதுவரை காகிதத்தில்தான்.

1982 புத்தாண்டில் கடிகாரத்தை அரை மணி நேரம் தள்ளி வைத்தார்களே, அதுவும் காலப் பயணம்தானே? (ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி)

இல்லை ஐயா. இரவு பதினொன்றரையைப் பன்னிரண்டு என்றார்கள், அவ்வளவுதான். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி மாறியிருக்கலாம், சூரியன் மாறவில்லை.

வேகமும் ஈர்ப்பும் காலத்தை மாற்றும் என்று ஐன்ஸ்டைன் சொன்னது வெறும் தியரிதானே சார்? (படிவம் ஐந்து மாணவர்)

இந்த 'வெறும்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வகுப்பில் முப்பது வருடம் கேட்டது போதாதா? 1971இல் ஹாஃபேலே, கீட்டிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மிகத் துல்லியமான அணுக் கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றினார்கள். பூமி சுழலும் திசையில் கிழக்கே போனபோது கடிகாரங்கள் 60 நானோ வினாடி (ஒரு நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பிந்தின, மேற்கே போனபோது 270 முந்தின. 'வெறும்' தியரி போட்ட கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். சரி, விமானம் வேண்டாம். கைப்பேசியில் வழி காட்டும் வேஸ் செயலியைப் பார்க்கிறாயே, அந்த ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரம் வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோ வினாடி பிந்துகிறது, ஈர்ப்பு குறைவாக இருப்பதால் 45 முந்துகிறது. மிச்சம் 38. அதைத் திருத்தாவிட்டால் கணக்குப்படி நாளுக்குப் பத்து கிலோமீட்டர் பிசகும். நீ சுங்கை சிப்புட்டில் நிற்பாய், இரண்டே நாளில் அது உன்னைப் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நிறுத்திவிடும். அப்புறம் சொல், வெறும் தியரி என்று.

கேமரன் மலையில் குடியிருந்தால் சீக்கிரம் வயதாகுமாமே? (குடும்பத் தலைவி)

ஆகும், உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால். ஆனால் எண்பது வருடத்துக்கு அரை மில்லி வினாடிகூட வராது. தாராளமாக வீடு வாங்குங்கள்.

தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறியதை நான் போய்த் தடுக்க முடியுமா? (இளைஞர்)

தடுத்துவிட்டால் நீங்கள் பிறந்திருக்க மாட்டீர்கள். அப்புறம் தடுக்கப் போனது யார்? பின்னோக்கிய பயணத்தின் சிக்கலே இதுதான். 1949இல் கணித மேதை கோடெல், ஐன்ஸ்டைன் சமன்பாடுகளிலிருந்தே பழைய காலத்துக்குத் திரும்ப ஒரு வழி கண்டுபிடித்தார். ஆனால் அதற்கு அண்டம் முழுக்கச் சுழல வேண்டும். நம்முடைய அண்டம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. இயற்கை விதிகளே இதற்குக் குறுக்கே நிற்கும் என்றார் இயற்பியலாளர் ஹாக்கிங், 1992இல். அவருடைய ஊகம்தான், நிரூபணம் இல்லை.

இதெல்லாம் எப்போது நடக்கும்? (பெயர் எழுதாதவர்)

எது? முன்னோக்கியா, பின்னோக்கியா? முதல் பதிலைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பெயரையும் போடுங்கள்.