டப்ளினின் கறுப்பு பீர்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் மகனைப் பார்க்க டப்ளின் போயிருந்தேன். கின்னஸ் ஆலைக்கும் கூட்டிக்கொண்டு போனான். ஆர்தர் கின்னஸ் 1759-இல் அந்த இடத்தை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தாராம். கறுப்பு பீரைக் கண்டுபிடித்ததும் அவர்தான் என்றார் கூட வந்த ஒருவர். உண்மையா? அந்தக் கருகல் வாசம் எதிலிருந்து வருகிறது? பாதி ஊற்றிவிட்டு ஏன் காக்க வைக்கிறார்கள்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

குத்தகை விவரம் சரி. கண்டுபிடித்த கதை சரியில்லை. கின்னஸ் முதலில் காய்ச்சியது ஏல் என்ற, கறுப்பில்லாத பீர் வகை. கறுப்பு பீர் லண்டன் சரக்கு. அங்கே மூட்டை சுமப்பவர்கள் விரும்பிக் குடித்ததால் போர்ட்டர் என்று பெயர் வந்தது. அது கப்பலேறி டப்ளினுக்கும் வந்தது. கின்னஸ் தானும் போர்ட்டர் காய்ச்ச ஆரம்பித்து, 1799-இல் ஏலை அடியோடு நிறுத்திவிட்டார். வலு கூடிய போர்ட்டரை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள். பிறகு ஸ்டவுட் என்ற சொல் மட்டும் நின்றது.

கருகல் வாசம் பற்றிக் கேட்டதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். பழைய போர்ட்டர் முழுக்கப் பழுப்பு மால்ட்டில் செய்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை வைத்து அளந்து பார்த்தபோதுதான், வெளிர் மால்ட்டில் சர்க்கரை அதிகம் இறங்குவது தெரிந்தது. அதற்கு மாறினால் செலவு மிச்சம், ஆனால் நிறம் போய்விடும். சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்துப் பார்த்தார்கள். 1816-இல் சட்டம் அதைத் தடுத்தது. மறு ஆண்டே டேனியல் வீலர், மால்ட்டைக் காப்பிக்கொட்டை போல உருளையில் போட்டுக் கறுக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு பிடி போட்டால் போதும், கறுப்பு திரும்பிவிடும்.

முளைகட்டாமலே பார்லியை வறுத்துப் போடலாமே? அன்று போட முடியாது. அரசு வரி மால்ட்டின் மேல் இருந்ததால், பச்சைப் பார்லியைப் போடுவது வரி ஏய்ப்பு. 1880-இல் மால்ட் வரி ஒழிந்த பிறகுதான் அந்த வழி திறந்தது. இன்று நீங்கள் முகர்ந்த வாசம் அந்த முளைகட்டாத, வறுத்த பார்லியுடையது. பழங்கால அயர்லாந்தின் ருசி என்று எல்லோரும் கொண்டாடுவது இவ்வளவு பிந்தி வந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அப்புறம் காத்திருப்பு. முன்பு பீப்பாய்கள் இரண்டு. நுரை பொங்கும் இளம் பீரை முதலில் ஊற்றி, அடங்கவிட்டு, நுரை குறைந்த பழைய பீரால் நிரப்புவார்கள். கின்னஸில் வேலை பார்த்த, கணிதம் படித்த மைக்கேல் ஆஷ் 1959-இல் நைட்ரஜனைக் கொண்டு ஒரே பீப்பாயில் அந்த வேலையை முடித்தார். நைட்ரஜன் நீரில் அவ்வளவாகக் கரையாது. குமிழிகள் பொடியாகி, நுரை பாலாடை போல நிற்கும். ஊற்றும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

அடுத்த முறை போனால் தெற்கே கார்க் நகருக்கும் போய் வாருங்கள். 1792-இல் அங்கே தொடங்கிய பீமிஷ்தான் 1833 வரை அயர்லாந்தின் பெரிய ஆலை, கின்னஸ் அல்ல. அந்த ஆலை 2009-இல் மூடப்பட்டது. ஆனால் பீமிஷ் ஸ்டவுட்டை இன்னமும் அதே ஊரில்தான் காய்ச்சுகிறார்கள்.

அன்புடன்