தினமும் உடற்பயிற்சி செய்ய நினைத்தும் தொடர முடியாமல் போவது ஏன்? சோம்பேறித்தனம்தான் காரணமா?

இல்லை. இந்தக் கேள்விக்கு "மனமிருந்தால் மார்க்கமுண்டு", "நாலரைக்கு எழுந்து பாருங்கள், வாழ்க்கையே மாறும்" என்று வரிசையாகப் பதில் வந்திருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்டவர் தன்னைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. "அலாரம் வைத்து எழுந்தும் விடுகிறேன், அப்புறம் வேலை இழுத்துக்கொள்கிறது" என்று ஒரு வரி மட்டும் போட்டிருக்கிறீர்கள். அதை வைத்து, வீட்டையும் பார்த்துக்கொண்டு வேலைக்கும் போகிற பெண் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆணாக இருந்தாலும் பரவாயில்லை, பாதி உங்களுக்கும் பொருந்தும்.

எனக்கு வேலூர் சத்துவாச்சாரி. மண்டித் தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது நாற்பத்தாறு. போன வருடம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. மாத்திரை வேண்டாம், வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம் வேகமாக நடங்க என்றார் டாக்டர். அது வரைக்கும் சரி. அதற்கு மேல், "லேடீஸ் எல்லாம் சீரியல் பார்க்கிற நேரத்தைக் குறைச்சாலே போதும்மா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். எங்கள் வீட்டில் சீரியல் பார்ப்பது அவருடைய அம்மா. நான் அந்த நேரத்தில் மறுநாளைக்கு மாவு அரைத்துக்கொண்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தை இன்னும் எனக்கு ஆறவில்லை.

உடற்பயிற்சி என்றாலே எல்லோரும் காலை நேரத்தைத்தான் சொல்கிறார்கள். ஒரு சராசரி வீட்டில் காலை நேரம் யாருடையது என்று அவர்கள் யோசித்ததே இல்லை. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் நாள் தெரியும், நேரம் தெரியாது. சில நாள் நாலரைக்கு, சில நாள் ஆறரைக்கு. ஷூ போட்டுக்கொண்டு நான் தெரு முனைக்குப் போயிருக்கும்போது தண்ணீர் வந்துவிட்டால் அன்றைக்கு வீடே நின்றுபோகும். தண்ணீர் வராத நாளில் டிபன், இரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு, மாமியாருக்குச் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை, சின்னவனை டியூஷனுக்கு எழுப்புவது. இதில் எந்த அரை மணி நேரத்தை எடுப்பது? எடுத்தால் யார் செய்வது? "சீக்கிரம் எழுந்திரு" என்றால் தூக்கத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஐந்தரை மணி நேரம் தூங்குகிறவளுக்கு அது என்ன ஆரோக்கியம்? தூக்கம் குறைந்தாலும் சர்க்கரை ஏறும். அதை யாரும் சொல்வதில்லை.

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்று ஒரு கூட்டம் வரும். மூச்சு வாங்குகிற அளவுக்குச் செய்தால் அதுவும் கணக்குதான், உலக சுகாதார நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அடுப்பு முன்னால் ஒன்றரை மணி நேரம் நிற்பதில் கால் கடுக்கும், மூச்சு வாங்காது. களைப்பு வருவதும் உடம்புக்குப் பயிற்சி கிடைப்பதும் வேறு வேறு. நடக்கும்போது தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் சுருங்கி விரிகிற வேகத்தில், ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இழுத்துக்கொள்ளும். நின்ற இடத்தில் நிற்பவளுக்கு அது அந்த அளவுக்கு நடக்காது. அதனால்தான் நாள் முழுக்க வேலை செய்கிற பெண்களுக்கும் சர்க்கரை வருகிறது. அவர்களைப் பார்த்துச் சோம்பேறி என்றால் எரிச்சல் வராதா?

இனி நான் சொல்ல வந்த விஷயம். எங்கள் பக்கத்தில் பௌர்ணமி என்றால் திருவண்ணாமலைக்குச் சிறப்புப் பேருந்து விடுவார்கள். 1989ல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை திருவண்ணாமலையும் எங்கள் வட ஆற்காட்டில்தான் இருந்தது. இன்றைக்கும் எங்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரிதான். என் தெருவில் இரண்டு தெரு தள்ளி ரேஷன் கடைக்கு நடக்கச் சொன்னால் ஷேர் ஆட்டோ தேடுகிற அக்காமார்கள் இருக்கிறார்கள். அதே அக்காமார்கள் பௌர்ணமிக்குச் சாயங்காலம் பஸ் ஏறி, ராத்திரி பூராவும் கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டர் செருப்பில்லாமல் நடந்துவிட்டு, விடிகாலையில் வந்து வாசல் தெளிக்கிறார்கள். நானும் போகிறவள்தான். ஒரு தடவை பாதி வழியில் வலது காலில் கொப்புளம் உடைந்து, முந்தானையில் இருந்து ஒரு துண்டு கிழித்துக் கட்டிக்கொண்டு மீதியை நடந்தேன். நிறுத்தலாம் என்று தோன்றவே இல்லை.

கிரிவலத்தை உடற்பயிற்சி என்று கொச்சைப்படுத்துகிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். அண்ணாமலையார் மேல் எனக்கு இருக்கிற பக்தி எனக்குத் தெரியும். நான் கேட்பது, அந்த 14 கிலோமீட்டர் நடக்கிற அதே காலும் அதே மனசும் மறுநாள் அரை மணி நேரத்துக்கு எங்கே போய்விடுகிறது என்பதுதான். எங்கேயும் போகவில்லை. கிரிவலத்துக்கு நாள் குறித்திருக்கிறது, பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. அன்றைக்கு அம்மா இருக்க மாட்டாள், சாப்பாட்டை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கூட நாலு பேர் வருகிறார்கள். பாதையில் வெளிச்சம் இருக்கிறது, தண்ணீர் கொடுக்கிறார்கள், ராத்திரி ரெண்டு மணிக்கும் ஒரு பெண் பயமில்லாமல் நடக்கலாம். முக்கியமாக, எதுக்குப் போறே என்று ஒருத்தரும் கேட்பதில்லை. சாமிக்காக நடக்கிறவளுக்கு அனுமதி தேவையில்லை. தனக்காக நடக்கிறவளுக்குத்தான் ஆயிரம் கேள்வி.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு வழி கிடைத்தது. மண்டி ஆறு மணிக்கு முடியும். அங்கிருந்து கோட்டை எட்டும் தூரம். முன்பெல்லாம் நேராகப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வீட்டுக்கு வந்துவிடுவேன். வீட்டு வாசற்படி தாண்டிய பிறகு திரும்ப வெளியே கிளம்புவது நடக்காத காரியம். எனவே பஸ் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். கோட்டைக்குள் போய் ஒரு சுற்று வேகமாக நடந்து, அங்கே கோயிலில் இருக்கிற ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வருவேன். 1981ல் மறுபடி கோயிலுக்குள் கொண்டுபோய் வைக்கும் வரை அந்த லிங்கம் எங்கள் சத்துவாச்சாரியில்தான் இருந்தது. அதனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தச் சாமி மேல் தனிப் பாசம். முதல் வாரம், "வாக்கிங் போயிட்டு வந்தேன் அத்தை" என்றபோது, "இருட்டற நேரத்துல இன்னாம்மா வாக்கிங்கு, வூட்ல வேலை இல்லியா?" என்றவர், "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்றதும், "பிரசாதம் வாங்கிகினு வா" என்றார். நான் பொய் சொல்லவில்லை, கோயிலுக்கும்தான் போகிறேன்.

செருப்போடு வேகமாக நடந்தால் குதிகால் வலி வந்தது. அதனால் ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கி மண்டியிலேயே மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆறு மணிக்கு ஒரு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கயிறு கட்டுவேன். தவிட்டுத் தூசு கயிற்று முடிச்சுக்குள் புகுந்து, அவிழ்க்கும்போது விரலில் மாவு மாதிரி ஒட்டும். புடவைக்குக் கீழே ஷூவா என்று மூட்டை தூக்குகிற அண்ணன்கள் முதலில் பார்த்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. இப்போது நான் ஆறு மணி தாண்டியும் உட்கார்ந்திருந்தால் "இன்னாம்மா, கோட்டைக்குப் போவலியா?" என்று அவர்களே கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்வி எந்த அலாரத்தையும் விட எனக்கு நன்றாக வேலை செய்கிறது.

ஷூ என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்கிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கள் வட்டாரம் முழுக்கத் தோலும் ஷூவும்தான். வெளிநாட்டுக்காரன் காலில் போட்டுக்கொண்டு ஓடுகிற ஷூ இங்கே தைத்துப் போகிறது. என் தங்கை ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் ராத்திரிதான் இறங்குவாள். நாள் முழுக்க மிஷினில் குனிந்து உட்கார்ந்து கழுத்தும் இடுப்பும் போய்விட்டது. அவள் காலில் ரப்பர் செருப்பு. அவள் தைக்கிற ஷூவில் ஒரு ஜோடி வாங்க அவள் சம்பளத்தில் எவ்வளவு போகும் என்று கேட்டால் பேச்சே வராது. இந்தத் தோலுக்காகப் பாலாறு பட்ட பாடு தனிக் கதை. தங்கையிடம் போய் "தினமும் உடற்பயிற்சி செய், வாழ்க்கை ஒழுங்கு முக்கியம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. கம்பெனியிலேயே மதியம் கால் மணி நேரம் எழுந்து நடக்க விட்டால் பாதி வலி குறையும். அதை யார் கேட்பது?

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்திரி நேரத்தில் எங்கள் ஊரில் 40 டிகிரியைத் தாண்டும். சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, பகலில் குடித்த சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். மே மாதத்தில் சில நாள் நான் போகவில்லை. அதற்காக மனசு உடையவும் இல்லை. லண்டனில் 96 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2009ல் வெளிவந்தது. ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனதாம், சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைக்கும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் சொல்கிறார்கள். 21 நாள் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் முடியவில்லை என்றதும் "நமக்கு இது ஒத்துவராது" என்று விட்டவர்கள் எத்தனையோ பேர். அதே மாதிரி, ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடந்தால்தான் பலன் என்பதும் இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் சேர்ந்தால் போதும், அதைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம் என்று 2020ல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலில் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் மாடியில் நடந்தால் அதுவும் சேரும்.

இன்னொரு தடை சொந்தக்காரர்கள். கொஞ்சம் எடை குறைந்ததும் குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்தில் பெரியம்மா ஒருவர் பந்தியிலேயே, "இன்னாடி இப்டி எளச்சிகினு போய்ட்ட, சுகரா?" என்று கேட்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குண்டாக இருந்தாலும் கேள்வி, இளைத்தாலும் கேள்வி. வரன் பார்க்கிற வயதில் பெண் இருக்கிற வீட்டில் அம்மாவுக்குச் சுகர் என்று பேச்சு வந்தால் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். இதற்குப் பயந்து நடையை விட்டவர் என் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் இருந்தே இது ஆரம்பம். வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட் இருக்கும். அரையாண்டு நெருங்கினால் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். மீதி நாளில் பையன்களுக்குப் பந்து, எங்களை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து படிக்கச் சொல்வார்கள். ஓடி வியர்த்துப் பழகாத உடம்பை நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று ஓடு என்றால், அதற்கு வெட்கமும் பயமும்தான் முதலில் வரும். 2022ல் இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை, பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம் என்று ஒரு பெரிய கணக்கு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த இடைவெளியைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியுமா? ஆண்களை விடப் பெண்கள் சோம்பேறிகள் என்று எந்த வீட்டிலாவது நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்.

அடுத்த பரிசோதனையில் எனக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு 5.9 வந்தது. ராத்திரிச் சோற்றையும் குறைத்தேன், அதனால் முழுக்க நடையால்தான் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம்.

காலையை விட்டுவிடுங்கள். உங்கள் நாளில் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் முதலாளிக்கும் சொந்தமில்லாத இடுக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால்தான் இருக்கும். இல்லவே இல்லை என்றால், நீங்கள் எந்த ஊர், எத்தனை மணிக்கு வேலைக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.