கிதார்க்காரரின் இடது கால் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

கட்டையைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு மன்னார்குடிப் பக்கம். பதினான்கு வருடம் சென்னையில் ராக் பேண்டில் லீட் கிதார் வாசித்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். வரும்போது பழைய பெடல் ஸ்டீல் கிதார் ஒன்று கிடைத்தது. மேஜை மாதிரிப் படுக்கவைத்து, ‘பார்’ என்ற உலோகத் துண்டைக் கம்பிமேல் நகர்த்தி வாசிப்பது. பத்துக் கம்பி, மூன்று பெடல், முழங்காலால் தள்ளும் லீவர் நான்கு. ஈ9 என்று அதற்கு வழக்கமாகக் கட்டும் சுருதி தலையைச் சுற்றுகிறது. கிதார் மாதிரியே ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ என்று மாற்றிக் கட்டி, டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்டு வாசித்தால் என்ன? அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கன்ட்ரி பாட்டெல்லாம் வாசிக்கும் உத்தேசம் இல்லை. பெடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

ஒரு கிதார்க்காரன்

*

அன்புள்ள தம்பி,

மாற்றிக் கட்டாதீர்கள். நான் கட்டிப் பார்த்தவன். மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்த திமிரோடு எனக்குக் கிடைத்த ஸ்டீலை ஒரே வாரத்தில் கிதார் சுருதிக்கு மாற்றினேன். ஈ9-இல் ஏ பெடல் ஐந்தாம் கம்பியையும் பத்தாம் கம்பியையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றும். பி பெடல் மூன்றையும் ஆறையும் அரை ஸ்வரம் ஏற்றும். அந்த இடத்தில் வேறு கம்பியைக் கட்டினால் பெடலுக்கு அது தெரியவா போகிறது? தன் பாட்டுக்கு இழுத்தது. அபஸ்வரம் தாங்காமல் பெடலை இணைக்கும் தண்டுகளைக் கழற்றி வைத்தேன். மிச்சம் இருந்தது நாலு கால் வைத்த ஹவாயன் கிதார். அதைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போய் முதுகு பிடித்துக்கொண்டதுதான் கண்ட பலன். ஆறு மாதம் போனது.

‘பெடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறீர்களே, அங்கேதான் நமக்குள் தகராறு. ஸ்டீலில் பெடல் ரொம்ப நாளாகவே இருந்தது. ஒரு சுருதியிலிருந்து இன்னொரு சுருதிக்கு மாறத்தான் அதை மிதித்தார்கள். 1954-இல் வந்த, கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் என்ற ஸ்டீல்காரர், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துவிட்டார். ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்க, பக்கத்து ஸ்வரம் மட்டும் நழுவி மேலே போனது. அதைக் கேட்ட ஸ்டீல்காரர்கள் பலரும் தங்கள் வாத்தியத்துக்குப் பெடல் மாட்ட ஓடினார்கள்.

நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். மூன்று, நான்கு, ஐந்தாம் கம்பிகள் க, ச, ப. ஏ, பி இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் ப த-வாகவும், க ம-வாகவும் ஏறும். ச இருந்த இடத்தில் இருக்கும். பாரை நகர்த்தாமலே ச-க-ப, ச-ம-த ஆகிவிட்டது. திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி வழியில் வந்த கோட்டுவாத்தியத்தில் கட்டை வழுக்கிக்கொண்டே போகும், ராகம் கூடவே போகும். இங்கே கட்டை சும்மா நிற்க, உள்ளே ஒரு குரல் மட்டும் நடக்கிறது. கிதாரில் நீங்கள் விரலால் கம்பியை வளைத்துச் செய்ததை இடது காலுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இந்த ஓசைக்கு ஆசைப்பட்டுத்தான் கிளாரன்ஸ் ஒயிட், ஜீன் பார்சன்ஸ் என்ற ராக்காரர்கள் டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிதாரின் தோள்வாரை இழுத்தால் பி கம்பி ஏறும்படி ஒரு கருவியையே செய்தார்கள். உங்களிடம் அசலே இருக்கிறது!

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஜி மேஜர் கார்டைப் பெடல் இல்லாமல், ஃபிரெட்டுக்குப் பதிலாக வரைந்திருக்கும் கோடுகளில் மூன்றாம் கோட்டில் பிடியுங்கள். ஏ பெடலோடு, நான்காம் கம்பியை ஏற்றும் முழங்கால் லீவரையும் தள்ளி ஆறாம் கோட்டில். ஏ, பி சேர்த்துப் பத்தாம் கோட்டில். மூன்று இடத்திலும் ஒரே ஜி. இது காலில் பதிந்தால் பாதித் தலைசுற்றல் நிற்கும். திருபுவனத்தில் குழித்தறியில் பட்டு நெய்பவரின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? கை நாடாவை வீசும், கால் எதை மிதிப்பது என்று யோசிக்காது.

கிதார்க் கை கூடவே கொண்டுவரும் வம்புகள் சில உண்டு. கிதாரில் விரல் ஃபிரெட்டுக்குப் பின்னால் நிற்கும். இங்கே பார் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். கம்பியை வளைத்து வைப்ரட்டோ (ஸ்வரத்தை அசைப்பது) செய்தால் சுருதி மேலே மட்டும்தான் போகும். பாரை ஆட்டினால் இரண்டு பக்கமும் போகும், கை சும்மா இருக்காது. வலக்கையில் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் பிக் மாட்டுவது முதல் மாதம் எரிச்சல்தான். தவில்காரர் கூடு போடுவதை நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்குவது மட்டும் உங்களுக்கு ஏற்கனவே தெரியும். ஸ்டீலில் பாதி வேலை அதுதான்.

சுருதி காட்டும் டியூனரில் முள்ளை எல்லாக் கம்பிக்கும் நடுவில் நிறுத்தாதீர்கள். தம்புராவில் தானாகக் கேட்கும் சுயம்பு காந்தாரம், டியூனர் காட்டும் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே. ஸ்டீல்காரர்கள் பலர் க-வை அந்தப் பக்கமாகத்தான் இறக்கி வைப்பார்கள்.

டிஸ்டார்ஷனுக்கு நான் விரோதி இல்லை. ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழுவில் ஸ்னீக்கி பீட் கிளைனோ ஃபஸ் என்ற டிஸ்டார்ஷன் போட்டே ஸ்டீல் வாசித்தார் (பொம்மைகளை நகர்த்தி எடுக்கும் ஸ்டாப் மோஷன் படங்களிலும் வேலை பார்த்தவர், பொறுமைக்குக் கேட்கவா வேண்டும்). எட்டாம் கம்பியும் ஐந்தாம் கம்பியும் ச-ப, ராக்காரர்களின் இரண்டு ஸ்வரப் பவர் கார்டு தயார். அதில் காந்தாரத்தையும் சேர்த்து இன்னும் இரண்டு கம்பியைத் தட்டினால் சேறுதான். வால்யூம் பெடல் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருந்தால் கடுமை மாறும், பின்னால் இருந்தால் சத்தம் மட்டும் மாறும். நான் பின்னால் வைக்கிறேன். ராக்காரர்கள் அதைக் குழாய் மாதிரி திறந்து மூடுவார்கள். பாதி திறந்து வைத்துக் கம்பியைத் தட்டி, ஒலி தேயத் தேயக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவதுதான் ஸ்டீல்.

நாஷ்வில் பாட்டு வேண்டாம் என்பதில் தப்பே இல்லை. ராபர்ட் ராண்டால்ஃப் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஒரு தேவாலயத்தில் கற்றவர், நாஷ்வில் பாணி இல்லாமலே 13 கம்பியில் கூட்டத்தை ஆட வைக்கிறார். ஜெர்ரி கார்சியா ராக்காரர்தான், வலக்கை நடுவிரலில் மூன்றில் இரண்டு பங்கு கிடையாது. அவரும் இதை மடிமுன் வைத்து வாசித்து 1970-இல் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் என்ற குழுவின் இசைத்தட்டில் ஒரு பாட்டுக்கு அழகு சேர்த்தார்.

அப்புறம், மூன்றாம் கம்பி 0.011 அங்குலத் தடிமன்தான். அதிகம் அறுவது அதுதான். ஒரு டஜன் வரவழைத்து வையுங்கள். கும்பகோணத்தில் போய்க் கேட்டேன், வீணைத் தந்தியை எடுத்து வைத்தார் கடைக்காரர்.