சுண்ணாம்புக்கல்லும் சீமெந்தும்: கேள்வி பதில்

சீமெந்து ஆலை ஆய்வுகூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற இரசாயனவியலாளர் ஒருவர், யாழ்ப்பாணத்து அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறார்.

சுன்னாகத்திலிருந்து ஓர் அன்பர்: ஐயா, எங்கள் வளவில் கிணறு வெட்டினாலும் சுண்ணாம்புக்கல்தான் வருகிறது. அதையே சுட்டு அரைத்தால் சீமெந்து ஆகாதா?

ஆகாது. கல்லை மட்டும் சுட்டால் கிடைப்பது, முன்னோர் சாந்து குழைக்கவும் வெள்ளையடிக்கவும் பயன்படுத்திய சுண்ணாம்பு. அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சியே மெல்ல இறுகும். நீருக்கடியிலும் இறுகும் சீமெந்து வேண்டுமானால், சுண்ணாம்போடு சிலிக்கா, அலுமினா, இரும்பு ஒட்சைட்டு ஆகியன கடும் சூட்டில் இணைய வேண்டும். இவற்றைத் தருவது பெரும்பாலும் களிமண். காங்கேசன்துறை ஆலைக்கு மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து களிமண் வந்ததும் இதற்காகவே. பொதுவாகக் கலவையில் ஏறத்தாழ 80 வீதம் சுண்ணாம்புக்கல்லாக இருக்கும்.

தெல்லிப்பழையிலிருந்து ஓர் ஆசிரியை: சூளைக்குள் நடப்பதை மாணவருக்கு விளக்கும் வகையில் கூறுவீர்களா?

இன்றைய ஆலைகளில் கலவையை உலர்நிலையிலேயே மாவாக அரைக்கிறார்கள். அந்த மா, உயர்ந்த கோபுரமொன்றில் அடுக்கடுக்காக அமைந்த சைக்குளோன்களின் (வாயுவைச் சுழற்றி மாவைப் பிரித்தெடுக்கும் கூம்புக் கலன்களின்) வழியே இறங்கும்போது, சூளையிலிருந்து மேலெழும் வெப்பவாயு அதைச் சூடாக்குகிறது. முன்னாளில் கலவையைச் சேறாகக் கரைத்துச் சூளைக்கு அனுப்பியபோது, அந்த நீரை ஆவியாக்குவதற்கே எரிபொருளில் பெரும்பங்கு வீணாயிற்று.

900 பாகை செல்சியஸ் அளவில் கல்சியம் காபனேற்று பிரிகிறது. தூய கல் 1000 கிலோ என்றால் அதில் 440 கிலோ காபனீரொட்சைட்டாகப் புகைபோக்கி வழியே போய்விடும். எரிபொருளை மாற்றினாலும் இந்தப் பங்கு குறையாது என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள். சீமெந்துத் தொழிலின் சூழற் பிரச்சினை கல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பின்னர் சற்றே சரிந்து சுழலும் நீண்ட உருக்குச் சூளைக்குள் கலவை உருண்டு செல்கிறது. 1450 பாகை அளவில் அதன் ஒரு பகுதி உருகி, மீதியைப் பற்றிப் பிணைக்க, கரும்சாம்பல் நிற உருண்டைகள் உருவாகின்றன. இவையே கிளிங்கர். இவற்றை விரைவாகக் குளிர்விக்க வேண்டும்; மெதுவாகக் குளிர்ந்தால் வலுத்தரும் சேர்மங்கள் சிதையத் தொடங்கும்.

ஆய்வுகூடத்தில் குறித்த பருமனுள்ள கிளிங்கரைச் சலித்தெடுத்து, ஒரு லீற்றர் பாத்திரத்தில் நிரப்பி நிறுத்துப் பார்ப்போம். நிறை 1200 கிராம் அளவில் இருந்தால் பொதுவாக நன்கு வெந்துள்ளது எனக் கொள்ளலாம். மிகவும் குறைந்தால், இணையாத சுண்ணாம்பு உள்ளே மிஞ்சியிருக்கிறது என்ற ஐயம் எழும். அப்படி மிஞ்சிய சுண்ணாம்பு, கட்டடம் கட்டி முடிந்த பின்னர் ஈரம் பட்டு விரிந்து சுவரை வெடிக்கச் செய்யும்.

கோப்பாயிலிருந்து ஒரு மாணவர்: ஒரே அகழ்விடத்துக் கல்லே இடத்துக்கிடம் மாறுமல்லவா? தரத்தை எவ்வாறு ஒருசீராக வைத்திருக்கிறார்கள்?

நல்ல கேள்வி. ஆலையின் திறமை சூளையைவிட இந்த இடத்திலேயே அதிகம் வெளிப்படும் என்பேன். ஓரிடத்தில் களி கலந்திருக்கும்; இன்னோரிடத்தில் மகனீசியம் மிகுந்திருக்கும். சீமெந்தில் மகனீசியம் ஒட்சைட்டு சுமார் 5 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பதே பல தரநிர்ணயங்களின் வரம்பு. கரையோரக் கல்லில் உப்புச் சேர்ந்திருந்தால் அந்தக் குளோரைட்டு கோபுரத்துக்குள் படிந்து பாதையை அடைக்கும்.

எனவே நொறுக்கிய கல்லை நீளமான மேடாக மெல்லிய படைகளாக இட்டு, பின்னர் குறுக்கே வெட்டி எடுப்பார்கள். குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் அடுக்கிய பிட்டை நீளவாக்கில் பிளந்தால் ஒவ்வொரு பாதியிலும் இரண்டும் வருவது போல, ஒவ்வொரு வெட்டிலும் எல்லாப் படைகளின் கல்லும் வந்துவிடும்.

ஏழாலையிலிருந்து ஒரு விவசாயி: காங்கேசன்துறை ஆலையை மீண்டும் இயக்கினால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காதா? தடுப்பது என்ன?

1950 இல் உற்பத்தியைத் தொடங்கி, 1990 இல் போரினால் நின்றுபோன அந்த ஆலையைப் பற்றிய ஏக்கம் எனக்கும் உண்டு. ஆயினும் நமது குடிநீரும் தோட்டத்துக்கு இறைக்கும் நீரும் தேங்கி நிற்பது, சீமெந்துக்கென அகழும் அதே கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலுமே.

மழைநீர் கல்லுக்குள் இறங்கி, அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் மிதக்கிறது. கணக்கின்படி, நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். மேல்மட்டம் ஒரு மீற்றர் தாழ்ந்தால் உவர்நீர் 40 மீற்றர் ஏற முயலும். பொந்துகள் நிறைந்த நமது கல்லில் இக்கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனால் போக்கு இதுவே. புத்தூர் நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அறிவீர்கள். ஆழமாக அகழ்ந்து, குழியில் ஊறும் நீரைப் பம்பியால் வெளியேற்றினால், அந்தச் சமநிலையையே குலைக்கிறோம். கல்லை அகற்றினால் நீரை வடிகட்டித் தேக்கும் படையும் போய்விடும்.

ஆகவே ஆலை வேண்டும், அகழ்வு வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு. கிளிங்கரைக் கடல்வழியாகக் கொண்டுவந்து துறைமுகத்தருகில் அரைக்கலாம். காங்கேசன்துறையின் கிளிங்கரைக் காலியில் அரைத்த காலமும் இருந்தது. இப்போது திசை மாறும், அவ்வளவுதான். அரைக்கும் ஆலையில் வேலைவாய்ப்புக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சாவகச்சேரியிலிருந்து ஓர் அன்பர்: ஜிப்சம் ஏன் சேர்க்கிறார்கள்?

சேர்க்காவிட்டால் தண்ணீர் ஊற்றியதும், மேசன் கரண்டியை எடுக்குமுன்னே சாந்து விறைத்துவிடும். கிளிங்கருடன் 3 முதல் 5 வீதம் வரை சேர்த்து அரைப்பது வழக்கம்.

வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு மேசன்: மாரியில் கட்டிபட்ட சீமெந்தைச் சலித்துப் பாவிக்கலாமா?

விரலால் நசுக்கி உதிராத கட்டி, ஏற்கெனவே நீரோடு இணைந்துவிட்டது. சலித்தெடுத்த மீதியும் வலுக்குறைந்ததே. தூணுக்கும் வளைக்கும் அதைப் பாவிக்க வேண்டாம். பைகளை நிலத்திலும் சுவரிலும் முட்டாமல் பலகைமேல் பத்துக்கு மேற்படாமல் அடுக்கி, முதலில் வாங்கியதை முதலில் எடுங்கள்.